டி பிளாக்கின் பதினைந்து ஓட்டைகள்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் காபிக்குப் பால் வைக்கப் போனபோது என் அடுக்களைச் சுவரில் தோசைக்கல் அகலத்துக்கு வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது, அதன் வழியாக ஆவுடை மேடத்தின் அடுக்களை தெரிந்தது, அங்கே அடுப்பில் பால் பொங்கி வழியப் பார்த்தது. "மேடம், பால்" என்றேன். அவர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "தேங்க்ஸ் வடிவு" என்றார். நான் இருப்பது கீழ்த்தளத்தில் ஆறாம் வீடு, அவர் இருப்பது மாடியில் ஒன்பதாம் வீடு, என் அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் நிறுத்தும் இடமும் ஒரு வேப்பமரமும் தவிர வேறொன்றும் கிடையாது என்பதெல்லாம் இரண்டு பேருக்கும் காபி குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

அன்று காலை டி பிளாக்கின் பதினாறு வீடுகளிலும் இதே கதைதான். பல்கலைக்கழக ஊழியர்களுக்காகக் கட்டிய பழைய கட்டடம், கீழே எட்டு வீடு, மேலே எட்டு வீடு, மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும், ஆனாலும் இப்படி ஒரு நாளும் செய்ததில்லை. எஸ்டேட் ஆபீஸிலிருந்து கொத்தனார் சுடலைமுத்து வந்து சிமெண்ட் பூசினார், காலையில் பூசியது சாயந்தரத்துக்குள் எங்கே போயிற்று என்று தெரியாமல் போயிற்று, பலகை அடித்தார், பலகையும் போயிற்று. மூன்றாம் நாள் அவர் புகார்ப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "இதுல கசிவு, விரிசல், கரையான்னு மூணு தலைப்புதாம்மா இருக்கு. நான் கசிவுன்னு போட்டுக்கிடுதேன்" என்றார். அப்படித்தான் அது கசிவு ஆயிற்று.

மனுசருக்கு எதுவும் ஒரு வாரத்தில் பழகிவிடும் போலிருக்கிறது. மகளிர் விடுதியில் சமையல் செய்யும் மைதீன் பீவி மூன்றாம் வீட்டிலிருந்து வார்டன் பரமசிவத்தின் பன்னிரண்டாம் வீட்டுக்குள் கறிவேப்பிலைக் கொத்தை நீட்டுவார், வார்டன் பூஜையில் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார். மீன் பொரிக்கிற நாளில் மட்டும் வார்டன் வீட்டில் சண்டை நடக்கும், அந்தச் சண்டையும் ஓட்டை வழியாக வந்துவிடுவதால் அடுத்த முறை பீவி முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஓட்டைகளுக்குத் திரை தைத்துப் போட்டோம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தோம், காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் எல்லா வீட்டுத் திரைகளும் ஒன்பதாம் வீட்டையும் பத்தாம் வீட்டையும் பார்த்தே பறந்தன.

ஒன்பதாம் வீட்டு ஆவுடை மேடத்துக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது, அந்த ஏப்ரலோடு ஓய்வு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கிற சின்ன ஈ இருக்கிறதே, அதைப் பாட்டிலில் வளர்த்து, அதன் வயிற்றுக்குள் முட்டை எப்படி உருவாகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய முப்பது வருட வேலை. ஆய்வகத்து ஏசி கெட்டுப்போன அந்தப் பொங்கல் வாரத்தில் பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார் என்றும், அதில் ஒன்று உடைந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை, ஏனென்றால் ஈ எந்த வீட்டில்தான் இல்லை.

பத்தாம் வீட்டில் ஞானசுந்தரி. நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற வேலை, நாற்பத்தொரு வயது, புருஷன் தேவசகாயம் பல்கலைக்கழக பஸ் ஓட்டுகிறவர். மூன்று முறை தங்காமல் போய் இப்போது நாலாவது, ஐந்தாம் மாதம். அவள் படி ஏறினால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

ஆவுடை மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலும் தாளுமாக வீடு வீடாக வந்து ஓட்டைகளை எண்ணினார். எட்டு வீடுகளுக்கு ஒவ்வொரு ஓட்டை, நாலு வீடுகளுக்கு இரண்டிரண்டு, இரண்டு வீடுகளுக்கு மும்மூன்று, அவருடைய வீட்டுக்கும் ஞானசுந்தரியின் வீட்டுக்கும் மட்டும் நந்நான்கு, அதிலும் ஒன்று இரண்டு வீட்டுக்கும் பொது. எண்ணி முடித்து மொட்டைமாடித் தொட்டியோரம் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ஈயின் வயிற்றுக்குள் ஒரு செல் நாலு முறை பிரிந்து பதினாறாகுமாம், ஆனால் ஒரேயடியாகப் பிரிந்து போகாதாம், ஒவ்வொரு முறையும் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டையை விட்டுவைக்குமாம், ஆக பதினாறு செல்லுக்குப் பதினைந்து ஓட்டை. பதினாறும் அக்கா தங்கைகள், பதினாறும் முட்டையாகலாம், ஆனால் ஒன்றுதான் ஆகும். மற்ற பதினைந்தும் தாதிகள், தங்களிடம் உள்ளதையெல்லாம் ஓட்டை வழியாக அந்த ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், கடைசியில் ஒரே அரை மணி நேரத்தில் மிச்சத்தையும் கொட்டிவிட்டுச் செத்துப்போகும்.

"சாவுமா?" என்றார் வார்டன்.

"ஈயில சாகும்" என்றார் மேடம். "வீட்டுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது சார்."

அந்த ஒன்று எது என்பதற்கு நாலு ஓட்டை உள்ள இரண்டுக்குள்தான் போட்டி. கொஞ்ச காலம் இரண்டும் முட்டையாகப் பார்க்கும், பிறகு ஒன்று பின்வாங்கித் தாதியாகிவிடும். உலகத்தில் எல்லோரும் முட்டையானதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்க, ஆவுடை மேடம் ஒருவர்தான் ஒன்பது வருடமாகப் பின்வாங்கியதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அது எப்படி முடிவு செய்கிறது, யார் அதனிடம் சொல்கிறார்கள், ஏன் அது, ஏன் மற்றது இல்லை. அது பின்வாங்குவதற்கு ஒரு மரபணு வேண்டும் என்று மட்டும் கண்டுபிடித்து, அதற்குப் பெயரும் வைத்திருந்தார். ஈ ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, ஒரு மரபணு கெட்டுப்போனால் ஈக்கு என்ன ஆகுமோ அதைத்தான் பெயராக வைப்பார்கள், ஈயின் கண்ணைச் சிவப்பாக்குகிற மரபணுவுக்கு வெள்ளை என்று பெயர், ஏனென்றால் அது இல்லாவிட்டால் கண் வெளுத்துவிடும். மேடத்தின் மரபணு இல்லாவிட்டால் இரண்டாவது செல் பின்வாங்காது, இரண்டும் ஆளுக்குப் பாதியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும், முட்டை வராது. அதனால் அதற்கு விடாப்பிடி என்று பெயர். விட்டுக்கொடுக்க வைக்கிற சாமானுக்குப் போய் இப்படி ஒரு பெயரா என்று நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

அதற்குள் கசிவு சாமான்களோடு நிற்கவில்லை. முதலில் வாசனை போயிற்று, பிறகு சூடு போயிற்று, எங்கள் வீட்டில் இறக்கிவைத்த ரசம் ஐந்து நிமிடத்தில் ஆறியது, மேலே அவர்கள் இருவரும் வேர்த்து விறுவிறுத்தார்கள். பிறகு தூக்கம் போயிற்று. பிறகு எண்ணங்கள். ஞானசுந்தரி ஒரு நாள் நோன்புக் கஞ்சி காய்ச்சினாள், பீவி காய்ச்சுகிற அதே பதத்தில், யாரும் சொல்லித்தராமல். ஆவுடை மேடம் ஒரே நாளில் இருபது பக்கம் எழுதினார். வார்டனின் கணக்குப்புத்தியும், பதினாலாம் வீட்டு நூலகரின் ஞாபகசக்தியும், என் தூக்கமும் சேர்ந்து அவருக்குள் இறங்க, மனுசி பத்து வயது குறைந்தமாதிரி நடந்தார், சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டார், பாட்டில்களுக்கும் மேஜைக்கும், மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். எங்களுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது.

தை கடைசியில் குடியிருப்போர் சங்கம் கூடியது. சிமெண்ட்டுக்கு அடங்காத ஓட்டை ஆள் முதுகுக்கு அடங்கும் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தோம், ஓட்டையில் முதுகை அணைத்து ஒருவர் உட்கார்ந்தால் கசிவு நின்றுவிடும், எழுந்தால் தொடங்கிவிடும். எல்லோருக்கும் எல்லாம் சமமாக இருக்கட்டும் என்று வார்டன் முறை போட்டார், பதினைந்து ஓட்டைக்கும் வேளைக்கு ஒருவர், பெயர் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஒரு வாரம் உட்கார்ந்தோம். ரசம் சூடாக இருந்தது, தூக்கம் வந்தது, அவரவர் புத்தி அவரவரிடம் இருந்தது. ஆனால் அந்த வாரம் டி பிளாக்கில் ஒரு வீட்டிலும் இட்லி மாவு பொங்கவில்லை. பால் உறையவில்லை. ஊறப்போட்ட பயறு முளைவிடாமல் அப்படியே கிடந்து நாறியது. வெள்ளிக்கிழமை ஞானசுந்தரி ஸ்கேனுக்குப் போய்விட்டு வந்து யாரிடமும் பேசாமல் படியேறினாள், தேவசகாயம்தான் கீழே நின்று சொன்னார்.

"வளர்ச்சி இல்லைங்காவ. ரெண்டு வாரம் பாப்போம்னு டாக்டரம்மா சொல்லுதாவ."

மைதீன் பீவி அப்போது மூன்றாம் வீட்டில் ஓட்டைக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் எழுந்துவிட்டார். "புள்ளத்தாச்சிக்குக் குடுக்கதுக்கு ஒரு முறை, அதுக்கு ஒரு நோட்டீசா?" என்றார். "யாரு என்ன வேணா செய்யுங்க. நான் எந்திரிச்சிட்டேன்."

ஒவ்வொருவராக எழுந்தோம். எல்லோரும் சந்தோஷமாக எழுந்தோம் என்று சொன்னால் பொய். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, செத்துப்போகும் என்று மேடம் சொன்னது காதிலேயே நின்றது. வார்டன் இடமாறுதலுக்கு எழுதிப்போட்டார், ஆனால் அவரும் எழுந்துவிட்டார்.

எழுந்திருக்காதவர் ஒருவர்தான், அது எங்களுக்குத் தெரியாது. ஒன்பதாம் வீட்டுக்கும் பத்தாம் வீட்டுக்கும் பொதுவான ஓட்டை ஆவுடை மேடத்தின் எழுதுகிற அறையில் ஒரு பக்கமும், ஞானசுந்தரியின் அடுக்களையில் மறுபக்கமுமாக இருந்தது. மேடம் தன் நாற்காலியின் முதுகுப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையிலேயே முதுகைக் கொடுத்து உட்கார்ந்து எழுதினார், சாப்பிட்டார், கண்ணயர்ந்தார். அப்படியாக டி பிளாக் இரண்டாகப் பிரிந்தது, எட்டு வீடு அவருக்கு, எட்டு வீடு ஞானசுந்தரிக்கு. பாதி யாருக்கும் போதவில்லை. வயிற்றில் பிள்ளை சாகவும் இல்லை, வளரவும் இல்லை. மேடத்தின் காகிதத்தில் ஒன்பது வருடக் கேள்விக்கு விடை ஒரே ஒரு வரி தூரத்தில் நின்றது, அந்த வரி வரவில்லை. அசையாமல் இருந்தால் மறுபக்கம் தானாகத் திரும்பிவிடும், அந்த எட்டு வீடும் தன்னிடம் வந்துவிடும், வரி வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். மறுபக்கம் திரும்பினால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். ஏப்ரல் முப்பதாம் தேதி ஆய்வகத்துக்குப் பூட்டு, அதற்குப் பிறகு பாட்டில்களைக் கொதிநீரில் போட்டுவிடுவார்கள், இன்னும் நாலு நாள், இன்னும் இரண்டு நாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எட்டு வாரம் உட்கார்ந்திருந்தார். விடாப்பிடி என்று பெயர் வைத்தவரிடமே அந்தச் சாமான் இல்லாமல் போயிற்று.

குருத்தோலை ஞாயிறு அன்று காலை பத்தரை மணி. கோயிலுக்குப் போய்விட்டுக் கையில் ஓலையோடு வந்த ஞானசுந்தரிக்கு மேல்படியில் தலை சுற்றியது, தேவசகாயம் தாங்கிப்பிடித்து உள்ளே கொண்டுபோனார். நான் என் அடுக்களையில் நின்று மேடத்தின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல ஒரு நிமிடம் போதும், நடக்க அரை மணி ஆயிற்று. எல்லா வீட்டுத் திரைகளும், மேடத்தின் உள்ளறை வாசல் திரையும்கூட, கம்பியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தன. என் வீட்டுக்குள்ளிருந்து என்னென்னவோ என்னைத் தாண்டிப் போயிற்று, எட்டு வயதில் வண்ணாரப்பேட்டைத் துறையில் என்னைத் தண்ணீரில் தூக்கிப்போட்ட மாமாவின் கை, மூக்கில் ஏறிய தண்ணீர், முதன்முதலாக மிதந்தபோது வயிற்றில் உண்டான சிரிப்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டைக்குள் நுழைந்து, மேடத்தின் அடுக்களை வழியாக, உள்ளறை வழியாக, பத்தாம் வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். மேடம் அறை நடுவில் கையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவருக்குள்ளிருந்தும் போய்க்கொண்டிருந்தது. பாதியில் அவர் "அட, இவ்வளவுதானா" என்றார், விடை கிடைத்தவர் சொல்கிறமாதிரி, மேஜையைப் பார்த்து ஓரடி எடுத்துவைத்தார், அதற்குள் அதுவும் போய்விட்டது.

பதினொரு மணிக்கு ஓட்டைகள் எல்லாம் மூடிக்கொண்டன. சுவரில் வட்டமாக ஓர் ஈரத்தடம் மட்டும் இருந்தது. நாங்கள் யாரும் சாகவில்லை. ஆனால் டி பிளாக் செத்துவிட்டது, அடுத்த வாரமே பத்தாம் வீட்டைத் தவிர எல்லா வீட்டுச் சுவரும் மாவாக உதிரத் தொடங்க, எஸ்டேட் ஆபீஸ் எங்களைக் காலிபண்ணச் சொன்னது. சுடலைமுத்து பதிவேட்டில் கசிவு நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆளுக்கொரு திசையில் போனோம். பீவிக்கு உப்பு மட்டாயிற்றா கூடிற்றா என்று தெரியவில்லை, விடுதிப் பெண்கள் சொல்லிச் சொல்லிப் போடுகிறார். வார்டனுக்குக் கோபம் போயிற்று, அதற்கு அவர் சம்சாரம் மாதாவுக்கும் முருகனுக்கும் சேர்த்து வேண்டுதல் செலுத்தினாள். எனக்குப் போனது நீச்சல். கரையிலிருந்து தாமிரபரணியைப் பார்த்தால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூனில் பிள்ளை பிறந்தது, பெண், மூன்று கிலோ இருநூறு. எப்சிபா என்று பெயர் வைத்தார்கள்.

போன மாதம் ஞானசுந்தரி என்னையும் கூட்டிக்கொண்டு, ஒன்றரை வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெருமாள்புரத்தில் ஆவுடை மேடம் இருக்கிற வாடகை வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் பிள்ளையின் பெருமைதான். ஆற்றில் இறக்கினால் யாரும் சொல்லித்தராமலே கையைக் காலை அடித்து மிதக்கிறதாம். நான் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தேன்.

மேடம் நன்றாகத்தான் இருந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார். மேஜையில் வாழைப்பழச் சீப்பு ஒன்று கறுத்துக் கிடக்க, அதைச் சுற்றிச் சின்ன ஈக்கள் பறந்தன. பிள்ளை அதையே பார்த்தது. "பழத்துக்கு வர்ற ஈம்மா, ஒண்ணும் செய்யாது" என்று மேடம் கையை வீசி விரட்டினார். முப்பது வருடம் அந்த ஈயோடு குடித்தனம் நடத்தியவர்.

ஞானசுந்தரி பிள்ளையை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மேடம் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"ஞானம், எனக்கு நிறைய மறந்துபோச்சு. என் புஸ்தகத்த நானே படிச்சா யாரோ எழுதுனமாதிரி இருக்கு. ஆனா ஒண்ணு போகல. அந்த ஓட்டைய நான் அடைச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். எட்டு வாரம். உன் பிள்ளைக்குப் போகவேண்டியதுன்னு தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன்."

அந்த எட்டு வாரக் கதை எனக்குத் தெரியவந்தது அப்போதுதான். ஞானசுந்தரியைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"தெரியும் மேடம்" என்றாள். "என் அடுக்களைல இருந்து பாத்தா உங்க முதுகுதான தெரியும். வேற என்ன தெரியும்?"

"தெரிஞ்சுமா நீ கேக்கல? ஒரு சத்தம் போட்டிருந்தா எந்திரிச்சிருப்பேனே."

"போட்டிருப்பேன். வாய் வரைக்கும் வந்திச்சு, எத்தனையோ மட்டம்." ஞானசுந்தரி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மொத நாளு ஆத்திரத்துல உங்களத் தள்ளத்தான் வந்தேன். கை வச்சேன், முதுகு சுடுது. காய்ச்சக்காரங்க மாதிரி. என்னைவிட நீங்கதான் கஷ்டப்படுதீங்கன்னு தோணிச்சு. பொறவு தெனமும் நானும் இந்தப் பக்கம் முதுகக் குடுத்து உக்காந்துக்கிட்டேன், உங்க மேல சாஞ்சிக்கிட்டு. இடுப்பு வலிக்கு எதமா இருந்திச்சு."

"நான் எந்திரிக்காமலே இருந்திருந்தா?"

"நான் சொல்லி நீங்க எந்திரிச்சா, அது நான் தள்ளுனதா ஆயிரும் மேடம், நீங்க எந்திரிச்சதா ஆவாது. தள்ளி வந்தது எம் பிள்ளைக்கு ஒட்டாதுன்னு எனக்குத் தோணிச்சு. ஒண்ணா இருந்தவங்கள்ல ஒருத்தர் தானா எந்திரிக்கணும். யாரும் சொல்லக்கூடாது."

மேடம் சட்டென்று நிமிர்ந்தார். நெற்றி சுருங்கியது. "இரு, இரு" என்றார், "இதை நான் எங்கயோ தேடிக்கிட்டிருந்தேனே" என்றார், எழுந்து மேஜைக்குப் போய்ப் பழத்தை நகர்த்தி, பேப்பரை நகர்த்தி, ஒரு பென்சிலைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு எதற்கு என்று தெரியாமல் நின்றார். நானும் ஞானசுந்தரியும் வாயைத் திறக்கவில்லை. ஈக்கள் திரும்பவும் பழத்துக்கு வந்தன.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். எப்சிபா கையை நீட்டியது. பென்சிலை அதன் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.